இரண்டாவது நாற்காலி

...இல்லை, அது மேசை. நாற்காலியாக இருந்தால் நாலு கால் நாலு சத்தம் போட்டிருக்கும், இது தொம்மென்று ஒரே சத்தம், அப்படியென்றால் வட்ட மேசையைத்தான் முதலில் இறக்கியிருக்கிறார்கள், அதுவும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அங்கே எதற்கு மேசை, அங்கே வெயில் திரும்பும்போது சுடும் என்று அவர் எத்தனை தடவை சொன்னார்... சும்மா இறக்கி வைத்திருப்பார்கள், பிறகு நகர்த்துவார்கள். இதோ இழுக்கிறார்கள். கர்ரென்று ஒரு கோடு என் தலைக்கு மேலே போகிறது, தரையில் பதித்தது சிவப்புத் தட்டோடு, கீறல் விழுமே, ரெண்டு ஆம்பளைகள் தூக்கி வைத்தால் கையா தேய்ந்துவிடும்? சொல்லலாம்தான். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது? கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அறைக்கதவில் திரை தொங்குகிறது, என் மாடி என் தலைக்கு மேல் உருவாகிக்கொண்டிருக்கிறது, நான் அதைக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒத்தக்கடைக்கு வந்து வீடு கட்டியதே அந்த மாடிக்காகத்தான் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? கீழே இருக்கிற அறைகளெல்லாம் மாடியைத் தாங்குவதற்காகக் கட்டியவை என்று அவரே கேலி செய்வார். இப்போது நான் தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

புருஷன் போய் இத்தாவில், மறைவில் இருப்பவள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார் மைமூன் மதினி. என் புருஷனுடைய அக்கா. தம்பி மௌத்தான அன்று பெட்டியோடு வந்தவர், நாலு மாதம் பத்து நாள் முடிகிறவரை என்னைப் பார்த்துக்கொள்வதற்காக இருக்கிறார், பார்த்துக்கொள்வது என்றால் நிஜமாகவே பார்த்துக்கொண்டே இருப்பது. வெள்ளைச் சேலையில் ஒரு கறை பட்டால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது, சரி. வெளியே போகக் கூடாது, சரி, எனக்குப் போக எங்கே இருக்கிறது. மாடிக்கும் போகக் கூடாது, வானத்தைப் பார்க்கக் கூடாது என்கிறாரே, அது எங்கிருந்து வந்தது? ஓதிக்கொடுக்க வருகிற ஆலிமாப் பெண்கூடச் சொன்னாள், உங்க வீட்டு மாடி உங்க வீடுதானேம்மா, மறைவா இருந்தா தாராளமாப் போகலாம், மார்க்கத்துல தடை இல்ல என்று. மதினி அவளுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைக கிதாபைத்தான் படிச்சிருக்கு, ஊரைப் படிக்கல” என்றார்.  சண்டை போட ஒரு ஆசை வேண்டும், அது எனக்கு இல்லை. குரலும் கேட்கக் கூடாதாம். அதனால் நான் திரைக்கு இந்தப் பக்கம் முனகுவேன், மதினி படிக்கட்டுக்கு அடியில் நின்று மேலே பார்த்துக் கத்துவார், நாற்காலி செய்து கொண்டுவந்த ராஜபாண்டி மேலேயிருந்து கத்துவான், மதினி திரும்ப வந்து என்னிடம் சொல்வார், அதற்குள் பாதி மாறிப்போயிருக்கும். காலையில் வெயிலுக்குப் பச்சை வலையை எட்டடிக் கம்பியில் கட்டச் சொன்னேன், அது கம்பியில்லாமல் சுவரில் கட்டச் சொன்னதாகப் போய்ச் சேர்ந்து, அரை மணி நேரம் சுத்தியல் சத்தம், பிறகு கழற்றுகிற சத்தம். அவர் இருந்திருந்தால் சிரித்துச் செத்திருப்பார்... பார், என்ன பேச்சு இது. வாய் பழைய வழியிலேயே போகிறது.

எனக்கு வானம் ஒரு பெரிய ஆசையாக இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். காஜிமார் தெரு வீட்டில் வானம் என்பது பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கம்பிச் சதுரம், அதன் வழியாக மழை வரும், புறா எச்சம் வரும், பெருநாள் பிறை மட்டும் வரவே வராது. மாடி இருந்தது, ஆனால் மாடியோடு மாடி ஒட்டிய தெரு, நாம் துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டு மாடியில் பட்டம் விடுகிறவன் நூலை நம் கொடியில் சுற்றுவான், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போய்க் காயப்போட்டு ஓடிவர வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து மகன் பரீத்துக்குக் கல்யாணமாகிற வரைக்கும் நான் ஒரு சாயங்காலம்கூட மொட்டை மாடியில் உட்கார்ந்ததில்லை. அவருக்கு என்ன, பை, சூட்கேஸ் கடை, தெற்குமாசி வீதியைப் பார்த்துத் திறந்த கடை, கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் உலகமே முன்னால் போகும். ராத்திரி வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்வார். ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, “சைனப்பு, நீ எதுவுமே பாக்கலைல்ல?” என்றார். அவ்வளவுதான், அந்த வருஷமே ஒத்தக்கடையில் இடம் பார்க்க ஆரம்பித்தார். யாருக்கு அப்படி ஒரு புருஷன் கிடைப்பான்? கடையைக் கைமாற்றிவிட்டு வந்துவிடுவேன், அஸர் தொழுதுவிட்டு ரெண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து டீ குடிப்போம், மலையைப் பார்ப்போம், வேற ஒரு வேலையும் நமக்குக் கிடையாது என்பார்... யானைமலை இங்கே அம்புட்டுப் பக்கம். கையை நீட்டினால் முதுகைத் தடவிவிடலாம் போலப் படுத்துக் கிடக்கும்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த காலி வாளி ஒன்று கிடந்தது, அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார், எழுந்து நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார், தலையைச் சாய்ப்பார், காலை நீட்டுவார், கண்ணைச் சுருக்கி வெயில் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பார். இங்க காத்து இல்ல. இங்க தொட்டி மறைக்குது. இங்க கரண்டு கம்பி குறுக்க வருது. நான் டீ டம்ளரை வைத்துக்கொண்டு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன், டீ ஆறிப்போனது. கடைசியில் முன்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓரிடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மலை முழுசாகத் தெரிகிற இடம். சாக்பீஸால் வட்டம் போட்டார், வட்டத்துக்குள் மலையைப் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன், நோன்பு திறக்கிற நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்கிற முகம். பிறகு இன்னொரு வட்டம், எனக்கு. நாற்காலியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஆடிக்காற்றில் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் மூடி பறந்துபோய் ரோட்டில் விழுந்ததைப் பார்த்திருக்கிறோம். “சேரைக் காத்து தூக்கிட்டுப் போய் எவன் மண்டையிலயாவது போட்டுச்சுன்னா?” என்றார். போல்ட் போட்டால் நகர்த்த முடியாதே என்றேன். “சரியான இடத்துல போட்டுட்டா எதுக்குமா நகத்தணும்?”

அளவெடுத்ததும் நான்தான். அவருக்கு முட்டி வலி, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், அதனால் தரையிலிருந்து முட்டி வரைக்கும் என் கையால் சாண் போட்டு, அதற்கு மேலே நாலு விரல் கூட்டி, ராஜபாண்டியிடம் போனில் சொன்னோம். சாய்மானம் முதுகுக்கு, கைப்பிடி அகலம் டம்ளர் வைக்கிற மாதிரி, பிரம்பு பின்னுகிற இடத்தில் ஆணித்தலை குத்தாமல்... அம்மா சேருக்கு என்ன அளவு பாய் என்று அவன் கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தது, நானும் கேட்டேன். “அவளுக்கு எதுன்னாலும் சரிதான்ப்பா” என்றார். நானும் தலையாட்டினேன், போனுக்குத் தலையாட்டினால் தெரியுமா என்று அவர் கிண்டல் செய்தார். இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? மேலே நாற்காலி வந்துவிட்டது, இப்போதுதான் நாலு கால் சத்தம். ஒன்று. அது அவருடையது, கனமாக இருக்கிறது.

வைகாசியில் போய்ச் சேர்ந்தார். கடையை ஒப்படைக்கிற வேலையாகப் போனவர், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், அந்த ஸ்டூலிலேயே. அடக்கத்துக்கு மறுநாள் ஒரு கோடை மழை கொட்டியது பார், ஜன்னலை எல்லாம் மதினி சாத்திவிட்டார், இருட்டில் உட்கார்ந்து நான் வேறு எதையும் நினைக்கவில்லை, மேலே சாக்பீஸ் அழியுமே என்றுதான் நினைத்தேன், புருஷனை மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், இவளுக்குச் சாக்பீஸ் கவலை என்று என்னையே திட்டிக்கொண்டேன். போன வாரம் அவர் போன் அடித்தது. தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன், சார்ஜ் போட்டுவிடுகிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். திரையில் ‘சேர் ராஜபாண்டி’ என்று வந்தது. மதினிதான் எடுத்தார். “பிச்சை பாய், மன்னிச்சுக்கங்க, பிரம்பு வரத் தாமசமாயிருச்சு, சேர் ரெடி” என்று அவன் சிரிப்போடு சொன்னது எனக்குக் கேட்டது. பாவம், அவனுக்குத் தெரியாது. மதினிதான் சொன்னார்.

பரீத் பெங்களூரிலிருந்து பேசினான். வேணாம்னு சொல்லிடவாம்மா, இத்தா முடிஞ்சதும் நீங்க எங்ககூட வந்துரப் போறீங்க, அங்க ப்ளாட்டுல மாடியே கிடையாது, சேரை வச்சு என்ன செய்யப் போறோம்? அவன் கெட்ட பிள்ளை இல்லை, கணக்காக யோசிக்கிற பிள்ளை. இந்த வீட்டைப் பூட்டிப்போடுவது என்று அவர்கள் முடிவெடுத்தாயிற்று, என்னிடம் கேட்கிற தொனியில் சொல்கிறார்கள். நான் இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, முடியாதுடா, ரெண்டு சேரும் வரணும், மேல போல்ட் போட்டு இறுக்கணும், நான் இங்கதான் இருப்பேன் என்று சொன்னேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம் வந்தது. “தனியா உக்காந்து என்னம்மா செய்வீங்க?” என்றான். உங்க அத்தா எனக்காகப் போட்ட இடம்டா என்றேன்.  பக்கத்தில் நின்ற மதினி விடவில்லை: “புருஷன் போனவ மாடியில சேர் போட்டு உக்காந்து டீ குடிச்சா நல்லாவா இருக்கும்?” நன்றாக இருக்காதுதான். எனக்கு அது தெரியாதா? நன்றாக இருப்பதற்காக அல்ல மதினி, அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தால் அவர் கணக்குப்போட்டு வைத்த ஒரு சாயங்காலமாவது எனக்குக் கிடைக்கும், அதைத் தவிர என்னிடம் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை... இதையெல்லாம் சொல்லவில்லை. ரெண்டு சேரும் வரட்டும் என்று மட்டும் சொன்னேன்.

ட்ரில் ஓடுகிறது. தட்டோட்டைத் துளைக்கிற சத்தம் கட்டில் காலில் வந்து என் பல்லில் ஏறுகிறது. நாலு போல்ட். முன்பக்கம், கைப்பிடிச் சுவர் பக்கம், அவர் நாற்காலி. அப்படியானால் அந்த வட்டம் அழியவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நெஞ்சில் ஒன்று லேசாக இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் சத்தம் நின்றது. படிக்கட்டின் உச்சியிலிருந்து ராஜபாண்டி கூப்பிட்டான், மதினி அடியில் போய் நின்றார், இந்தத் தடவை எனக்கே நேராகக் கேட்டது.

“பெயிண்ட் வாளி கவுந்து கிடந்ததுக்கு அடியில பாய் போட்ட குறி ஒண்ணு பளிச்சுனு இருக்கும்மா, அம்புக்குறிகூடத் தெரியுது. அதுல பெரிய சேரைப் போட்டாச்சு. இன்னொரு குறி அழிஞ்சிருச்சு, மழைத்தண்ணி போற வழி போல. அம்மா சேர் எங்க, எந்தப் பக்கம் பாத்துப் போடணும்னு கேட்டுச் சொல்லுங்க. ஓட்டை போட்டுட்டா மாத்த முடியாது.”

எங்கே போட்டார் எனக்கு? கண்ணை மூடிக்கொண்டு மாடியில் நடந்தேன். அவர் வாளியை விட்டு எழுந்தார், சாக்பீஸ் தூள் அவர் சட்டையில், பின்பக்கம் நடந்தார், படிக்கட்டுக் கதவை ஒட்டி... ஆமாம், கதவை ஒட்டித்தான், தண்ணீர் வழிகிற வாட்டத்தில்தான், அதனால்தான் அழிந்திருக்கிறது. மலைப்பக்கம் ஹாஸ்டல் ஜன்னல் இருக்கும்மா, பயலுக பாப்பானுக, உன் சேருக்கு அந்தப் பக்கம் ஒரு மூங்கில் தட்டி வச்சுருவோம் என்றார். தட்டிக்கு முதுகு, கதவுக்கு முகம். கீழ அடுப்புல எதுவும் வச்சிருந்தா உனக்கு இறங்கி ஏற வசதி, டீ எடுத்துட்டு வரவும் பக்கம் என்றார். கழுத்தைத் திருப்பினா பேசிக்கலாம் என்றார். நான் சந்தோஷமாகச் சரி என்றேன். என் மேல் அவருக்கு எவ்வளவு கவனம் என்று உருகிப்போய்ச் சரி என்றேன்... அவர் முன்னால் மலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார், நான் பின்னால் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இதுதானா? இத்தனை வருஷம், இத்தனை இருட்டு நாள், தலையணைக்கடியில் அந்தப் போனோடு நான் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த சாயங்காலம் இதுதானா? அவர் மேல் கோபம் வந்தால்கூடத் தேவலை, வரவில்லை, அவர் மனசில் ஒரு வஞ்சனையும் இல்லை, எனக்காகத்தான் இந்த வீட்டையே கட்டினார், கட்டிய பிறகு என்னை எங்கே உட்காரவைப்பது என்று வந்தபோது அவர் கைக்கு அந்த இடம்தான் தெரிந்திருக்கிறது. என் தலைக்கும் அதற்குச் சரி என்று ஆட்டத்தான் தெரிந்திருக்கிறது. அப்படியானால் நான் பரீத்திடம் முடியாதுடா என்று கத்தியது எதற்காக, எந்த நாற்காலிக்காக?

சரி, இப்போது மாற்றிக்கொள்ளலாமே. குறிதான் அழிந்துவிட்டதே, எங்கே வேண்டுமானாலும் போடச் சொல்லலாமே. எங்கே? அவருடையதில் உட்கார்ந்துகொள்ளலாம், ஆனால் முட்டிக்கு மேலே நாலு விரல் கூட்டின உயரம், அவர் முட்டிக்கு, என் கால் தரையில் படாது, தொங்கும். அவர் பக்கத்தில் போடச் சொல்லலாம். பக்கத்தில் போட்டால் மலை தெரியுமா, கரண்டு கம்பி குறுக்கே வருமா, காற்று வருமா, எனக்குக் காற்று பிடிக்குமா? முகத்தில் நேராக அடித்தால் பிடிக்குமா, பக்கவாட்டில் வந்தால் பிடிக்குமா? மலையைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்குமா, இல்லை ரோட்டையா, மேலூர் பஸ் போகிற வருகிறதையா? தெரியவில்லை. அவருக்கு எங்கே வெயில் படும், எங்கே காற்று படும் என்று இந்தக் கட்டிலில் இருந்தே விரல்விட்டுச் சொல்லிவிடுவேன். என்னைக் கேட்டால் தெரியவில்லை. அந்தச் சாயங்காலம் அவர் எத்தனை இடத்தில் வாளியைப் போட்டு உட்கார்ந்தார்... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாளியில் நான் உட்கார்ந்து பார்த்தேனா? உட்காரவில்லை. உட்காரணும் என்று தோன்றக்கூட இல்லை. கையில் டீ இருந்தது.

“ஏ சைனப்பு, என்ன சொல்ல? அவன் நிக்கிறான், எனக்கு அஸருக்கு நேரமாச்சு” என்று மதினி திரையை விலக்கினார். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், அதற்குள் வாய் சொல்லிவிட்டது: “படிக்கட்டுக் கதவுப் பக்கம் மதினி. கதவைப் பாத்து.” மதினி போய் அதை அப்படியே, இந்தத் தடவை ஒரு எழுத்துப் பிசகாமல், மேலே கத்தினார். சரிம்மா என்றான் ராஜபாண்டி. நாற்காலியை இழுக்கிற சத்தம், நேராக என் அறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, படிக்கட்டின் தலைக்கு வந்து நின்றது.

வேண்டாம் என்று எழுந்தேன். மதினி, வேண்டாம்னு சொல்லுங்க மதினி... மதினி பக்கத்து அறையில் முசல்லாவை விரித்துத் தக்பீர் கட்டியாயிற்று, அசையாமல் நிற்கிறார், தொழுகையில் நிற்கிறவரை எப்படிக் கூப்பிடுவது? திரையைத் தாண்டி ஹாலுக்கு வந்துவிட்டேன், யாரும் இல்லை, படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தேன், உச்சியில் கதவு திறந்திருந்தது, கதவு அளவுக்கு வானம், அதில் ஒரு நாற்காலியின் இரண்டு முன்கால் என்னைப் பார்த்து நின்றது. ட்ரில் ஓடி ஒரு ஓட்டை முடிந்து நின்றது. சிவப்புத் தூள் படிகளில் இறங்கி வந்தது. இப்போது கூப்பிட்டால் கேட்கும். தம்பி என்று கூப்பிட்டால் போதும், நிறுத்துங்க என்று ஒரு சொல், ஒரு ஓட்டைதானே, பூசிவிடலாம், பரீத்திடம் கத்தின குரல் தொண்டையில்தான் இருக்கிறது, ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். வாயைத் திறந்துவிட்டேன். நிறுத்திவிடுவான், நல்ல பையன், உடனே நிறுத்திவிடுவான். நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்காமல், அங்கிருந்தே மரியாதையாகக் கேட்பான், சரிம்மா, அப்ப எந்தப் பக்கம் போடட்டும் என்று.

மேலே ட்ரில் அடுத்த ஓட்டைக்கு ஓட ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.